கேமரா யாருக்குச் சாட்சி?

"சிரிங்க, நீங்க கேமராவுல இருக்கீங்க!" மளிகைக் கடையில் தொடங்கி மல்டிநேஷனல் கம்பெனி வரைக்கும் இந்த போர்டு இல்லாத இடம் இப்போ அபூர்வம். சிரிக்கிறோமோ இல்லையோ, பழகிட்டோம். சென்னை போலீஸ் இதுக்கு 'மூன்றாவது கண்' என்றே பெயர் வைத்துவிட்டது. முதல் இரண்டு கண்ணும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வேலை செய்யும் இடத்தில் கேமரா வைக்கலாமா என்று பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?" என்பது ஒரு கட்சி. "இது பாதுகாப்பு இல்ல, வேவு" என்பது இன்னொரு கட்சி. பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்புதான். ஆனா இரண்டு கட்சியுமே கேமராவைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பார்க்கப் போவது நாம. இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் நம்மில் பல பேர் ஏதோ ஒரு ஆலையிலோ ஐடி கம்பெனியிலோ நெட்வொர்க், மெயின்டனன்ஸ், எம்பெடட் என்று ஏதோ ஒரு பெயரில் இதே கேமராவைத் தேர்ந்தெடுப்போம், மாட்டுவோம், அதுக்குப் பாஸ்வேர்ட் போடுவோம்.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணியிடத்தில் வைக்கும் கேமரா முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பொதுவான சாட்சியாக இருக்கணும். ஒரு தரப்புக்கு மட்டும் சாட்சி சொல்கிற கேமராவைப் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது. அது எந்தத் தரப்புக்குச் சாட்சி சொல்லும் என்பதை முடிவு செய்வது மேடைப் பேச்சு இல்லை. லென்ஸ், ஹார்ட் டிஸ்க், கடிகாரம், பாஸ்வேர்ட். அதாவது, நம்ம சிலபஸ்.

ஆள் தெரியறது வேற, யாருன்னு தெரியறது வேற

கேமரா வாங்கும்போது கடைக்காரர் "ஃபுல் எச்டி சார், கிரிஸ்டல் கிளியரா இருக்கும்" என்பார். வாங்குகிறவரும் கேட்பதில்லை, எத்தனை மீட்டருக்கு என்று.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. வீடியோ கண்காணிப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 62676-4-இன் 2014 பதிப்பு சொன்னது இது: காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் இருந்தால் அங்கே ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரியும். ஏற்கெனவே பழகிய ஆளை 'இவர்தான்' என்று சொல்ல 125 பிக்சல் வேணும். முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காட்ட 250 பிக்சல் வேணும்.

இப்போ கணக்கு போடுங்க. ஃபுல் எச்டி படத்தின் அகலம் 1920 பிக்சல். 1920-ஐ 250-ஆல் வகுத்தால் 7.68. அதாவது, காட்சியின் அகலம் 7.68 மீட்டருக்கு மேல் போனால் முகத்தை அடையாளம் காட்ட அந்தக் கேமரா லாயக்கில்லை. பெரும்பாலும் மாட்டப்படும் மலிவான கேமராக்களில் இருப்பது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். 1/2.8 இன்ச் சென்சாரோடு அது சேர்ந்தால், ஏறக்குறைய 4 மீட்டர் தூரத்திலேயே அந்த எல்லை முடிந்துவிடும். கேட் 15 மீட்டர் தள்ளி இருக்கா? அங்கே நிற்கிற ஆளின் முகத்துக்குக் குறுக்கே மிஞ்சிப் போனால் பத்து பிக்சல். பத்து பிக்சலில் கடவுளே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது.

இதில் உயரத்தையும் சேர்த்துக்கோங்க. யார் கையும் படக் கூடாது என்று உச்சியில் மாட்டினால் தெரிவது தலையும் தொப்பியும்தான். வாசலைப் பார்த்து மாட்டினால் வெளியே இருந்து வரும் வெளிச்சத்தில் உள்ளே வருகிற முகம் கறுத்துவிடும். ராத்திரியில் இன்ஃப்ராரெட் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸ் முன்னாடி வலை பின்னும். விடிய விடிய வெள்ளை நூலாம்படைதான் பதிவாகும். மாதம் ஒரு முறை ஒரு துணியை எடுத்துத் துடைக்கணும் என்பது எந்த டெண்டரிலும் இருக்காது.

"சரி, படம் மங்கல். அதனால என்ன?" என்று கேட்கலாம். மங்கலான படம் எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்காது. குடோனில் ஒரு பெட்டி காணோம். படத்தில் 'நீலச் சட்டை போட்ட யாரோ' மட்டும் தெரிகிறார். சந்தேகம் யார் மேல் விழும்? மேனேஜர் மேலா? போன வாரம் வேலைக்குச் சேர்ந்த கான்ட்ராக்ட் ஆள் மேலா? தெளிவான படம் அவரைக் காப்பாற்றியிருக்கும். மங்கலான படம் அவரை மாட்டிவிடும். லென்ஸ் தேர்வு இப்படித்தான் நீதிப் பிரச்சினையாக மாறுகிறது.

எத்தனை நாள் வைக்கணும்?

அடுத்தது ஹார்ட் டிஸ்க். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வையுங்க. ஒரு நாளைக்கு 43.2 ஜிகாபைட். 16 கேமரா, 30 நாள் என்றால் சுமார் 20.7 டெராபைட். இதே இடத்தில் 10 டெராபைட் டிஸ்க் போட்டால் பதினான்கு நாள் கழித்துப் பழைய பதிவின் மேலேயே புதுசு எழுத ஆரம்பித்துவிடும். எச்.265 போட்டால், ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைத்தால், அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்தால் நாள் கூடும். இது எல்லாம் டிவிஆர் மெனுவில் இரண்டு மூன்று கிளிக் சமாச்சாரம்.

அந்த இரண்டு கிளிக் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் மறக்கக் கூடாத ஒரு உதாரணம் இருக்கு. 2020 ஜூன் மாதம், சாத்தான்குளம். மொபைல் கடை நடத்திய தந்தையும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், போலீஸ் காவலில் தாக்கப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், காவல் நிலையக் கேமராப் பதிவைக் கேட்டார். ஹார்ட் டிஸ்க்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்று உயர் நீதிமன்றத்துக்கு அவர் அறிக்கை கொடுத்தார். சம்பவம் நடந்த இரவின் பதிவு இல்லை.

கேமரா இருந்தது. ஒயர் இருந்தது. டிஸ்க்கில் இடமும் இருந்தது. சாட்சி மட்டும் இல்லை.

அதே வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி, வேறொரு வழக்கில், நாடு முழுக்க எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கணும், பதிவை 18 மாதம் பாதுகாக்கணும், அந்தளவு கொள்ளளவு கிடைக்காவிட்டால் கிடைப்பதிலேயே அதிகமானதை வாங்கணும், அதுவும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நம்ம கணக்குப்படி 18 மாதம் என்பது ஒரே ஒரு கேமராவுக்கு 23 டெராபைட்டுக்கு மேல். கோர்ட்டு எழுதிய ஒரு வாக்கியத்தை நடைமுறைக்குக் கொண்டுவர, யாரோ ஒரு இன்ஜினியர் உட்கார்ந்து இந்தப் பெருக்கலைப் போட்டே ஆகணும்.

காவல் நிலையமும் ஒரு பணியிடம்தான். மற்றப் பணியிடங்களிலும் கதை இப்படித்தான் ஓடும். பிரஸ் மெஷினில் ஒருவர் கை நசுங்குகிறது. மெஷினின் பாதுகாப்புக் கவசம் அதற்கு முன்னாடியே கழற்றப்பட்டிருந்ததா, தொழிலாளி தானாகக் கழற்றினாரா என்பதுதான் கேள்வி. இழப்பீடே அந்தப் பதிலில் நிற்கிறது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்து கேட்கும்போது, "அது பதினஞ்சு நாள்ல ஓவர்ரைட் ஆயிடும்ங்க" என்று பதில் வந்தால், அந்தக் கேமரா யாருக்காக வைக்கப்பட்டது?

எல்லாத்தையும் வருஷக்கணக்கில் வைக்கணும் என்று நான் சொல்லவில்லை. தேவையில்லாமல் தேக்கி வைத்த பதிவும் ஆபத்துதான். ஆனால் ஒரு விபத்தோ புகாரோ வந்த நிமிஷத்தில், அந்த நேரத்துப் பதிவை அழிய விடாமல் பூட்டி வைக்கும் வழி இருக்கணும். அந்தப் பூட்டைப் போடச் சொல்லும் உரிமை புகார் கொடுத்தவருக்கும் இருக்கணும். பல கருவிகளில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கு. யார் அதைக் கேட்கலாம் என்று எழுதி வைப்பதுதான் இல்லை.

கேமரா பார்க்கும், யார் பார்ப்பாங்க?

கன்ட்ரோல் ரூம் என்றதும் சினிமாவில் வருவது மாதிரி ஹீரோ ஸ்க்ரீனைப் பார்த்து "ஜூம் பண்ணு, ஜூம் பண்ணு" என்று கத்துவது ஞாபகம் வரும். நிஜத்தில் அங்கே உட்கார்ந்திருப்பது பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் ஒரு செக்யூரிட்டி அண்ணா. அவர் முன்னாடி முப்பது கட்டம்.

மனுஷனால் இது முடியுமா? ரேடார் திரையைப் பார்க்கும் ஆட்கள் ஏன் நீர்மூழ்கிக் கப்பலைத் தவறவிடுகிறார்கள் என்று பிரிட்டனில் நார்மன் மேக்வொர்த் ஆராய்ந்து 1948-இல் முடிவை வெளியிட்டார். அவருடைய கடிகாரச் சோதனையில், முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரிய ஆரம்பித்தது. அவர்கள் பயிற்சி பெற்ற ஆட்கள், பார்த்தது ஒரே ஒரு முள். நம்ம அண்ணா பார்ப்பது முப்பது கட்டம், அதுவும் ராத்திரி. அவர் தூங்கிவிட்டார் என்று மெமோ கொடுப்பது சுலபம். தூங்க வைக்கும்படி வேலையை வடிவமைத்தவருக்கு மெமோ கிடையாது.

கேமராவால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை 2024 ஆகஸ்ட் 9 நமக்குக் காட்டியது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், இரவுப் பணியில் இருந்த ஒரு பெண் டாக்டர், ஓய்வெடுக்கப் போன செமினார் அறையில் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். குற்றவாளியைச் சீக்கிரம் பிடிக்க ஆஸ்பத்திரிக் கேமராப் பதிவு உதவியது உண்மை. ஆனால் அந்தக் கேமராவால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் தூங்க ஒரு அறை, வார்டுக்குள் யார் வரலாம் என்ற கட்டுப்பாடு, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஒரு ஆள் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். இந்தச் செலவுகளைத் தள்ளிப் போட்டுவிட்டு "நாங்கதான் கேமரா வெச்சிருக்கோமே" என்று ஒரு நிர்வாகம் சொன்னால், அந்தக் கேமரா பாதுகாப்புக்குப் பதிலாக வைத்த பொம்மை.

சாவி யார் கையில?

2016-இல் 'மிராய்' என்றொரு மால்வேர் வந்தது. அதுக்குப் பெரிய மூளை எல்லாம் கிடையாது. கம்பெனியில் போட்டுக் கொடுக்கும் 'அட்மின்-அட்மின்' மாதிரியான சுமார் அறுபது பயனர்பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகளை வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் இருக்கும் கேமரா, டிவிஆர்களின் கதவைத் தட்டியது. திறந்தன. அந்தப் படையை வைத்து அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி 'டின்' என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உட்பட பல தளங்கள் தடுமாறின. கடையைக் காவல் காக்க வைத்த கேமரா, ஊரைக் கொள்ளையடிக்கப் போய்விட்டது.

2021 மார்ச்சில் இன்னொன்று. அமெரிக்காவின் 'வெர்காடா' நிறுவனத்தின் நிர்வாகக் கணக்கு ஒன்று ஹேக்கர்கள் கையில் சிக்க, ஏறக்குறைய 1,50,000 கேமராக்களின் காட்சி அவர்களுக்குத் திறந்துகொண்டது. ஆஸ்பத்திரி, சிறை, டெஸ்லா ஆலை எல்லாம் அதில் அடக்கம். ஒரே மாஸ்டர் சாவி, ஒன்றரை லட்சம் கதவு.

நம்ம ஊரில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்ட்; அது மானிட்டர் ஓரத்தில் ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும். யாராவது மானிட்டரை மொபைலில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். அதில் இருக்கும் பெண்ணுக்கு அது தெரிய ஒரு வாரம் ஆகும். யார் எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது, ஏனென்றால் யார் எப்போது பதிவைத் திறந்தார்கள் என்ற கணக்கு வைக்கப்படவே இல்லை.

அப்படி மொபைலில் எடுத்த வீடியோவை நம்பி கோர்ட்டுக்குப் போகவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிக்கணும். ஒரு பைட் மாறினாலும் ஹேஷ் மாறிவிடும் என்பது நமக்குத் தெரியும். கூடவே கடிகாரமும் சரியாக இருக்கணும். பயோமெட்ரிக் 9:02 என்கிறது, கேமரா 9:19 என்கிறது என்றால் வக்கீல் அந்தப் பதினேழு நிமிஷத்தைப் பிடித்துக்கொள்வார். எல்லாக் கருவியையும் ஒரே என்டிபி சர்வரோடு இணைப்பது ஐந்து நிமிஷ வேலை.

திருடனுக்கு வெச்சது, உட்கார்ந்தவங்களுக்குத் திரும்புது

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் தொழில்நுட்பக் குறை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, நல்லா வேலை செய்கிற கேமராதான்.

துணிக்கடையில் திருட்டுக்காக ஒரு கேமரா வைக்கிறார்கள். நியாயம். ஆறு மாதம் கழித்து அதே கேமராவில் "மூணாவது மாடி செக்ஷன்ல அந்தப் பொண்ணு ஏன் உட்கார்ந்திருக்கு?" என்று இன்டர்காமில் குரல் வருகிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. சட்டம் கொடுத்த நாற்காலியை கேமரா பிடுங்கிக்கொள்கிறது. புதுசாக ஒரு ஒயர்கூட இழுக்கவில்லை. நோக்கம் மட்டும் மாறிவிட்டது.

சட்டம் தடுக்காதா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை சார்ந்த தேவைக்கும் முதலாளியை நஷ்டத்தில் இருந்து காக்கவும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. கதவு கொஞ்சம் அகலமாகவே திறந்திருக்கு.

ஸ்பெயினில் நடந்த ஒரு வழக்கு இங்கே உதவும். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்குக்கும் வரவுக்கும் கணக்கு உதைத்தது. மேனேஜர் வாசலில் எல்லாருக்கும் தெரியும்படியும், பில் போடும் இடத்தில் யாருக்கும் தெரியாமலும் கேமரா வைத்தார். ஊழியர்கள் சிக்கி வேலை இழந்தார்கள், "சொல்லாம எப்படி வைக்கலாம்?" என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். லோபஸ் ரிபால்டா வழக்கு என்று பெயர். 2018-இல் ஊழியர்கள் பக்கம் தீர்ப்பு. 2019 அக்டோபரில் பெரிய அமர்வு அதை மாற்றி, உரிமை மீறல் இல்லை என்றது.

முதலாளி ஜெயித்த வழக்கை ஏன் சொல்கிறேன்? ஜெயித்த காரணத்தைப் பாருங்க. உறுதியான சந்தேகம் இருந்தது. கண்காணிப்பு பத்து நாள்தான். பொதுமக்கள் வந்து போகும் பில் கவுன்டரை மட்டும்தான் பார்த்தது. பதிவைப் பார்த்தவர்கள் சிலர்தான். அந்தத் திருட்டுக்கு மட்டும்தான் பயன்படுத்தினார்கள். கழிவறை, உடை மாற்றும் அறை பக்கம் போகவே கூடாது, மூடிய அறை என்றால் அந்தரங்கம் அதிகம், பொது இடம் என்றால் குறைவு என்று நீதிமன்றம் தரம் பிரித்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு நல்ல டிசைன் ஸ்பெசிஃபிகேஷன் எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் அதைத்தான் காட்டுவேன்.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு. சின்னக் கடைக்காரர் இவ்வளவு யோசிச்சா வியாபாரம் எப்போ பண்றது?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்னதில் காசு கேட்பது ஹார்ட் டிஸ்க்கும் லென்ஸும் மட்டும்தான். கேமராவைச் சரியான இடத்தில் மாட்ட, பாஸ்வேர்டை மாற்ற, கடிகாரத்தைச் சரி பண்ண, கல்லாவுக்குக் கீழே இருக்கும் டிவிஆரைத் திருடன் தூக்கிப் போகாத இடத்துக்கு மாற்ற, யார் பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுத எவ்வளவு செலவாகும்? பதினாறு கேமராவைக் கண்டபடி மாட்டுவதைவிட ஆறு கேமராவை யோசித்து மாட்டுவது சின்னக் கடைக்கும் லாபம்தான்.

ஒரே ஒரு பக்கம்

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. எந்தப் பணியிடத்திலும் கேமரா மாட்டும் முன்னாடி ஒரே ஒரு பக்கம் எழுதணும். ஒவ்வொரு கேமராவும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கப்பட்டது? அந்தப் பதிலுக்கு எத்தனை பிக்சல் வேணும்? எத்தனை நாள் வைப்போம், புகார் வந்தால் யார் பூட்டச் சொல்லலாம்? யார் யார் திறக்கலாம், திறந்த கணக்கு எங்கே இருக்கும்? எதுக்கெல்லாம் இதைப் பயன்படுத்த மாட்டோம்? அந்தப் பக்கத்தை கேமராவுக்குக் கீழேயே, 'சிரிங்க' போர்டுக்குப் பக்கத்தில், தொழிலாளிக்குப் புரியும் தமிழில் ஒட்டணும். அங்கே வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் ஒட்டணும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வருஷா வருஷம் 'ஸ்மார்ட் சர்வைலன்ஸ்' என்று நாலு டீம் வந்து நிற்கும். முகத்தைக் கண்டுபிடிக்கும், ஹெல்மெட்டைக் கண்டுபிடிக்கும், தூங்குகிறவரைக் கண்டுபிடிக்கும். டெமோவில் கைதட்டலும் கிடைக்கும். இந்த வருஷம் யாராவது ஒரு டீம், விபத்தில் அடிபட்ட தொழிலாளி ஒரு பட்டனை அழுத்தினால் முந்தைய அரை மணி நேரப் பதிவைப் பூட்டி, ஹேஷ் போட்டு, அவருக்கும் ஒரு ரசீது கொடுக்கிற மாதிரி ஒன்று செய்யுங்களேன். அதில் மெஷின் லேர்னிங் எதுவும் தேவைப்படாது. பேனலில் "நாவல்ட்டி எங்கே?" என்று கேட்பார்கள். இதுவரை ஒரு பக்கம் மட்டுமே பேசிய சாட்சியை இரண்டு பக்கமும் பேச வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்க.